ஒற்றைக் கண் சாட்சி

எனக்கு இடது கண் தெரியாது. தெரிகிறவன் போல உட்கார்ந்து பொய் சொல்லி, ஒரு பெண்ணின் ஆராய்ச்சியைக் கெடுத்தேன். உண்மையைச் சொல்லி அதை மீட்டுக் கொடுக்க ஒரு நாள் வாய்த்தது. அன்றும் நான் வாயைத் திறக்கவில்லை.

இதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன். சொன்னால் பாரம் குறையும் என்று நினைத்து எழுதவில்லை... குறையாது என்று தெரிந்தே எழுதுகிறேன்.

என் பெயர் சவரிமுத்து. வில்லியனூர்ப் பக்கம் மாதா கோயில் உள்ள ஒரு சிற்றூர். ஐந்தாம் வகுப்பு வரைக்கும் படித்தேன். நாலு பேர் கூடிய இடத்தில் எனக்கு நாக்கு எழாது. பஸ்ஸை நிறுத்தச் சொல்லிக் குரல் கொடுக்க வெட்கப்பட்டு, அடுத்த ஊரில் இறங்கி வெயிலில் திரும்பி நடந்து வந்தவன் நான்.

இளவயதில் பாகூர்ப் பக்கம் கரும்பு வெட்டப் போவேன். ஒருநாள் டிராக்டரில் ஏற்றும்போது கட்டு நழுவி, ஒரு கரும்பு என் இடது கண்ணில் அடித்தது. ரத்தம் வரவில்லை. வீக்கமும் சில நாளில் வடிந்துவிட்டது. பார்ப்பவர்களுக்கு அது நல்ல கண். உள்ளே விளக்கு அணைந்திருந்தது எனக்கு மட்டும்தான் தெரியும். என் மனைவி பிலோமினாவுக்குக்கூட இன்று வரை தெரியாது!

ஒரு கண் போனால் என்ன, இன்னொன்று இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. எல்லாம் தெரியும். ஆனால் எது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது மட்டும் தெரியாது. டம்ளருக்குள் ஊற்றுவதாக நினைத்து மேஜையில் ஊற்றுவேன். அதனால் டம்ளரின் விளிம்பை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஊற்றுவேன். தலையை இப்படியும் அப்படியும் லேசாக அசைப்பேன். அசைத்தால் முன்னால் இருப்பது வேகமாக நகரும், பின்னால் இருப்பது மெதுவாக நகரும். அதை வைத்துத்தான் இத்தனை காலமும் மோதிக்கொள்ளாமல் நடமாடுகிறேன்.

கல்லூரியில் அட்டெண்டர் வேலைக்குக் கண் பரிசோதனை வைத்தார்கள். முதலில் இடது கண்ணை இடது கையால் மூடினேன். "அடுத்த கண்ண மூடுப்பா" என்றார் டாக்டர். கையை மாற்றி, வலது கையால் அதே இடது கண்ணை மூடினேன். அவர் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேலை கிடைத்தது. அந்தக் கையை அன்றே இறக்கியிருக்கலாம்... இறக்கவில்லையே!

அந்தக் கல்லூரியின் ஆராய்ச்சிக் கூடத்தில்தான் கலைவாணி இருந்தாள். நெட்டப்பாக்கத்துப் பெண், நெல் பயிரிடும் குடும்பம். என்னை வாய் நிறைய "அண்ணா" என்பாள். அவள் செய்துகொண்டிருந்தது ஒரு திரை. அதில் தெரியும் உருவம் தட்டையாக இருக்காது. கண்ணாடி எதுவும் மாட்டாமலேயே, திரையை விட்டு வெளியே வந்து காற்றில் நிற்கும். அறுவைச் சிகிச்சை செய்யும் டாக்டர், கத்தியைத் தொடுவதற்கு முன்பே நோயாளியின் இதயத்தை அதில் பார்க்கலாம். எந்தக் குழாய் முன்னால், எந்தக் குழாய் பின்னால் என்று தெரிந்துகொண்டு உள்ளே போகலாம். அதற்கான ஆராய்ச்சி.

அது எப்படி வேலை செய்கிறது என்று எனக்கும் ஒருநாள் சொன்னாள். "ஒரு கண்ணுக்கு ஒரு படம், இன்னொரு கண்ணுக்கு வேற படம் போவும்ணா. ரெண்டையும் மூள சேத்துக்கும். சேந்ததும் உருவம் எழுந்து நிக்கும்."

ரெண்டு கண்ணும் வேண்டுமாம்!

அப்போதே எழுந்து போயிருக்க வேண்டும். ஆனால் அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டாள். "உக்காருங்கண்ணா. படிக்காத சாதாரண ஆளுங்களுக்கும் தெரியுதான்னு பாக்கணும்."

தாடையை ஒரு தாங்கியில் வைக்க வேண்டும். தலை அசையக் கூடாது. திரையில் மேலே ஒரு வட்டம், கீழே ஒரு வட்டம் வரும். எது பக்கத்தில் இருக்கிறது என்று சொல்ல வேண்டும். எனக்கு இரண்டும் சுவரில் ஒட்டிய காகிதம் போலத்தான் தெரிந்தன.

மாணவர்கள் தங்கள் விடையைப் பொத்தானில் அழுத்துவார்கள். கம்ப்யூட்டர் தானாகக் குறித்துக்கொள்ளும், கலைவாணி அந்தப் பக்கமே வரமாட்டாள். எனக்கு மட்டும் இரக்கப்பட்டாள். "அண்ணனுக்கு அந்தப் பொத்தானெல்லாம் பழக்கமில்ல. வாயால சொல்லட்டும், நான் போட்டுக்குறேன்" என்று எதிரே வந்து உட்கார்ந்தாள். அந்த இரக்கம்தான் அவளுக்கு வினையாயிற்று.

திரைக்கு மேலே அவள் முகம் தெரிந்தது. விடை அவளுக்குத் தெரியும். வாய் திறந்து பேசத் தெரியாதவன் வாழ்நாள் முழுவதும் என்ன செய்வான்? அடுத்தவர் முகத்தைத்தான் படிப்பான். "மே..." என்று இழுப்பேன். அவள் புருவம் துளி சுருங்கும். "...இல்லம்மா, கீழ" என்பேன். புருவம் விரியும். அவளுக்குத் தான் அப்படிச் செய்கிறோம் என்பதே தெரியாது.

எல்லா விடையும் சரி!

"அய்யோ அண்ணா! இன்னா கண்ணு இது உங்களுக்கு!" என்று கைகொட்டிச் சிரித்தாள். அதுவரை என்னை யாரும் அப்படிப் பாராட்டியதில்லை. அந்தச் சிரிப்புக்காகவே மறுபடியும் உட்கார்ந்தேன்... மறுபடியும்... மறுபடியும்.

மாணவர்கள் குறை சொன்னார்கள். ஒருவனுக்குத் தலை வலித்தது. இன்னொருவனுக்கு எல்லாம் இரண்டு இரண்டாகத் தெரிந்தது. "நாள் பூரா செல்போன பாத்தா கண்ணு அப்படித்தான் ஆவும்டா. எங்க அண்ணன் கண்ணு கரும்புக் கொல்லையில வளந்த கண்ணு" என்று அவர்களை விரட்டினாள்.

கரும்புக் கொல்லை! அந்தச் சொல்லைக் கேட்டு நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் அதை வெட்கம் என்று நினைத்தாள்.

அதன் பிறகு என் சொல்லைக் கேட்டே திரையைத் திருத்த ஆரம்பித்தாள். திரையின் லென்ஸ் வில்லைகளை ஒரு நூல் அளவு நகர்த்திவிட்டு "இப்ப?" என்பாள். அவள் முகத்தில் ஆசை தெரியும்போது "இப்ப நல்லா நிக்குதும்மா" என்பேன். களைப்பு தெரியும்போது "போதும்மா" என்பேன். அந்தத் திரை என் கண்ணுக்கு அமைந்த திரை அல்ல. அவளுடைய ஆசைக்கும் களைப்புக்கும் அமைந்த திரை. அதையே பார்த்துப் பார்த்து அவள் கண்ணும் அதற்குப் பழகிவிட்டது. இதைவிடப் பெரிய கேடு ஒருத்திக்கு யார் செய்ய முடியும், சொல்லுங்கள்?

பார்வையிட டாக்டர்கள் வந்தார்கள். பேராசிரியர் கோட்டுப் போட்டிருந்தார். கலைவாணி புதுப் புடவையில் நின்றாள். திரையில் ஓர் இதயம் துடித்தது. பெரிய டாக்டர் குனிந்து பார்த்தார், கண்ணைக் கசக்கினார், மறுபடியும் பார்த்தார்.

"ஏம்மா, எனக்கு ரெண்டு இதயம் தெரியுது. எதுல கத்திய வெக்கட்டும்?"

எல்லோரும் சிரித்தார்கள். கலைவாணி சிரிக்கவில்லை. கூட்டத்தில் என்னைத் தேடினாள். "இல்ல சார், சரியா இருக்கு. எங்க அண்ணனுக்கு நல்லா தெரியுது. சொல்லுங்கண்ணா!"

அத்தனை முகமும் என் பக்கம் திரும்பியது. கையில் டீத் தட்டு.

"தெரியுதுங்க" என்றேன்.

பேராசிரியர் அவளிடம் மெதுவாகத்தான் கேட்டார். "டீ குடுக்குற ஆளு சொன்னத வெச்சா இத்தன நாள் ஓட்டுன?" அவள் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. தவறு தன்னுடையது என்று எழுதிக் கொடுத்தாள். அவளுடைய ஆராய்ச்சி அறையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள்.

இத்தோடு முடிந்திருந்தால் நான் வெறும் பொய்யன். முடியவில்லையே...

கிடங்குக்குப் பக்கத்தில் கிடைத்த ஒரு மூலையில் அவள் இன்னொரு திரை செய்தாள். தனியாக. இது வேறு வகை. கடுகு போன்ற வில்லைகள் திரை முழுக்கப் பதிந்திருந்தன. நிஜப் பொருளிலிருந்து வெளிச்சம் எல்லாப் பக்கமும் போவது போல, இதிலிருந்தும் பல திசைக்குப் பல படம் போகுமாம். பக்கவாட்டில் நின்று பார்த்தால் பக்கவாட்டுதான் தெரியுமாம்.

ஒருநாள் மதியம், எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரம், என்னைக் கூப்பிட்டாள். மெலிந்திருந்தாள்.

"திருபுவனையில ஒரு கம்பெனில வேலைக்குச் சொல்லியிருக்காரு எங்கப்பா. நாளைக்கு சார் வராரு. இதக் காட்டலாமா, விட்டுட்டுப் போயிடலாமான்னு தெரியல. என் கண்ண நானே நம்ப மாட்டேங்குறேன். ஒரு தடவ பாருங்கண்ணா."

தாடை வைக்கும் தாங்கி இல்லை. தலையை யாரும் பிடிக்கவில்லை. பழக்கதோஷத்தில் லேசாக அசைத்தேன்.

நகர்ந்தது!

இதயத்தின் முன்னால் இருந்த குழாய், பின்னால் இருந்த குழாயை மறைத்துக்கொண்டு நகர்ந்தது. இடப்பக்கம் சாய்ந்தேன். மறைந்திருந்தது வெளியே வந்தது. டம்ளர் எனக்கு எப்படித் தெரியுமோ, என் பிள்ளைகளின் முகம் எப்படித் தெரியுமோ, அப்படித் தெரிந்தது. தட்டைக் காகிதமாகவே பார்த்துப் பழகிய திரையில் முன்னும் பின்னும் இருந்தது! விரலை நீட்டினேன். விரல் வெறும் காற்றில் போயிற்று. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"நிக்குதும்மா! நெசமாவே நிக்குது! மாதா மேல சத்தியமா..."

அவள் என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் நான் தப்பித்திருப்பேன்.

"அன்னிக்கும் இதேதானண்ணா சொன்னீங்க" என்றாள். "உங்க மனசு அப்படி. நான் கஷ்டப்படக் கூடாதுன்னு உங்களுக்கு எல்லாம் நல்லாவே தெரியும். விடுங்க."

திரையை அணைக்கக் கை நீட்டினாள்.

இப்போது உங்களுக்குப் புரிகிறதா? என்னிடம் ஒரே ஒரு வாக்கியம் இருந்தது. 'எனக்கு ஒரு கண்ணு கிடையாதும்மா.' அதைச் சொன்னால் பழைய திரை ஏன் கெட்டது என்று அவளுக்குத் தெரிந்துவிடும். தன் கண்ணை மறுபடியும் நம்புவாள். அதற்கும் மேலே, ரெண்டு கண்ணும் வேண்டிய இடத்தில் ஒற்றைக் கண்ணனுக்கே உருவம் எழுந்து நிற்கிறது என்றால், அந்தத் திரைக்கு அதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்? என் குறையே அவளுக்கு வேண்டிய சாட்சி! அவள் ஆராய்ச்சிக்கு என்னைவிடச் சிறந்த ஆள் உலகத்தில் கிடைத்திருக்க மாட்டான்.

வாயைத் திறந்தேன். வேலை போகுமே என்று நினைத்தேன். பேராசிரியர் கூப்பிட்டுக் கேட்பாரே... அத்தனை முகமும் மறுபடியும் திரும்புமே... பிலோமினா கேட்பாளே, இத்தனை வருஷம் என்னோடு குடித்தனம் செய்தது யார் என்று...

"டீ எடுத்தாரட்டுமாம்மா?" என்றேன்.

"குடுங்கண்ணா" என்று திரையை அணைத்தாள். விளிம்பைத் தொட்டுப் பார்த்து ஊற்றினேன். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. "எப்பவும் போல, அண்ணன் கணக்கு கணக்குதான்" என்று சிரிக்கப் பார்த்தாள். மறுநாள் பேராசிரியரிடம் எதையும் காட்டாமல் விலகிக்கொண்டாள்.

தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனத்துக்கு முழங்கால் போடுகிறேன். கோபத்தைச் சொல்கிறேன், குடித்ததைச் சொல்கிறேன். இதைச் சொன்னதில்லை. சாமியார் மன்னித்துவிடுவார் என்றுதான் பயம். மன்னிக்க வேண்டியவள் திருபுவனைக்குக் கம்பெனி பஸ்ஸில் போய் வருகிறாள். அங்கே பெட்டிகளில் ஒட்டும் தாள் நேராக இருக்கிறதா என்று பார்க்கும் வேலையாம். நேராக இருக்கிறதா என்று மட்டும்!

அவளுடைய திரை கிடங்கில் இருந்தது. சாவி என்னிடம். தினமும் துடைத்து வைத்தேன். முடுக்கத் தெரியாது. துடைக்க மட்டும் தெரியும்.

போன வாரம் கிடங்கைக் காலி செய்யச் சொல்லி உத்தரவு வந்தது. பழைய சாமான் எல்லாம் காயலான் கடைக்கு. அன்று சாயங்காலமே வில்லியனூரில் பஸ்ஸை விட்டு இறங்கும் அவளைப் பார்த்தேன். நேருக்கு நேர். மாதாவே கொண்டுவந்து நிறுத்தியது போல...

"இன்னாண்ணா, எளச்சிட்டீங்க? அண்ணி சோறு போடலியா?" என்றாள். பிறகு, வேறு எங்கோ பார்த்துக்கொண்டு, "என் ஸ்கிரீன் இன்னும் இருக்குதா?"

"இருக்குதும்மா. தெனம் தொடச்சி வெக்கிறேன்."

"எதுக்குண்ணா அந்தக் கழுதைய... தூக்கிப் போட்டுடுங்க." சொல்லிவிட்டு நகரவில்லை. நான் ஏதாவது சொல்வேன் என்று நின்றாளா? முகம் படிப்பதில் நான் கெட்டிக்காரன் ஆயிற்றே. நின்றாள் என்றே எனக்குத் தெரிந்தது.

"நெட்டப்பாக்கம் பஸ்ஸு போயிடப் போவுதும்மா" என்றேன்.

மறுநாள் காலையில் வண்டி வந்தது. மேஜை, நாற்காலி எல்லாவற்றையும் அவர்களே தூக்கி எறிந்தார்கள். அதை மட்டும் நான் தூக்கினேன். மார்போடு அணைத்துக்கொண்டு போனேன். கறுத்துக் கிடந்த அந்தக் கண்ணாடியில் என் முகம் தெரிந்தது. இரண்டு கண்ணோடு, நல்ல முகமாகத் தெரிந்தது.

"சீக்கிரம் வெய்யிப்பா! இன்னா அத கொழந்த மாதிரி புடிச்சிகினு நிக்குற!" என்று வண்டிக்காரன் கத்தினான்.

ஒரு கையை நீட்டி வண்டியின் விளிம்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். பிறகு, எங்கும் இடிக்காமல், அதை உள்ளே வைத்தேன்.