ஜெர்மன்காரன் வீட்டுப் பிள்ளைகள்

தலையில் கூர்முனை வைத்த ராணுவத் தொப்பி, கையில் மரக்கத்தி, காலிடுக்கில் ஒரு பொம்மைக் குதிரை. கன்னம் கொழுகொழுவென்று சிவந்த வெள்ளைக்காரப் பையன் ஒருவன். அவன் தலைக்குமேல் கறுப்பு, வெள்ளை, சிவப்பில் ஜெர்மனியின் பழைய கொடி. முதல் உலகப் போர்க் காலத்து அஞ்சலட்டை அது. அதை என் முகத்துக்கு நேரே நீட்டி என் அக்காவின் கணவர் கேட்ட கேள்வி இன்னும் காதில் இருக்கிறது. “நம்ம ஊர்க்காரங்கள எவ்ளோ கேவலமா வரைஞ்சிருக்கான் பாத்தியாம்மா?” அந்தப் பையனுக்கும் புதுச்சேரிக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அவரோ இதற்குமேல் என்ன ஆதாரம் வேண்டும் என்பதுபோல என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அவரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். பஞ்சாலையில் வேலை பார்த்தவர். ஆலையை மூடியபிறகு புதுச்சேரியிலேயே மேட்டுப்பாளையத்தில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் பார்த்துக்கொண்டார். குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. அக்காவுக்குக் கிடைத்த மாப்பிள்ளை தங்கம் என்று அம்மா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். அந்தத் தங்கத்துக்கு இப்படி ஒரு பைத்தியம் இருக்கும் என்று யார் கண்டது? பிரெஞ்சுக்காரன் ஆண்ட ஊர் இது. நாற்காலி, கடிகாரம், தெருப் பெயர்ப் பலகை என்று அவன் விட்டுப்போனதைச் சேர்ப்பவர்கள் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். மாமா சேர்த்தது அந்தப் பிரெஞ்சுக்காரனின் எதிரி அச்சடித்த காகிதங்களை. “பிரெஞ்சுக்காரன் வுட்டுட்டுப் போனதுக்கே இந்த ஊர்ல எடம் இல்ல, இவரு ஜெர்மன்காரன் குப்பைய வாரிக்கினு வர்றாரு” என்று அக்கா தலையில் அடித்துக்கொள்வாள்.

காரணம் இல்லாமல் இல்லை. மாமாவின் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து அந்தப் போருக்குக் கப்பலேறியவர். எங்கள் ஊரில் அப்படிப் போனவர்களைச் சொல்தா என்பார்கள். மாமாவின் அப்பா அப்போது கைக்குழந்தை. போனவர் திரும்பவில்லை. செத்துப்போனார் என்று சர்க்கார் சொல்லியிருந்தால் ஒரு பாட்டம் அழுது ஓய்ந்திருப்பார்கள். ஆனால் வந்த சேதியில் இருந்தது ‘திஸ்பாரூ’ என்ற பிரெஞ்சு வார்த்தை. காணவில்லை என்று அர்த்தம். அந்த ஒரு வார்த்தையை நம்பி அவர் மனைவி கடைசிவரை தாலியைக் கழற்றவில்லை. தாத்தாவுக்கு யாரும் திதி கொடுக்கவில்லை, மாலை போட ஒரு படமும் கிடையாது. ஜெர்மன்காரன் சிறைபிடித்தவர்களை வரிசையாக நிறுத்திப் படமெடுத்து அஞ்சலட்டை போட்டு விற்றான் என்று மாமா எங்கேயோ கேள்விப்பட்டுவிட்டார். அதில் ஒன்றில் தாத்தா இருப்பார், அவர் முகத்தை ஒருமுறை பார்த்துவிட வேண்டும். இதுதான் மாமாவின் ஒரே ஆசை.

“முகமே தெரியாத ஆள எப்படிக் கண்டுபுடிப்பீங்க மாமா?” என்று எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன்.

“பாத்தா தெரியும்மா. ரத்தம் சொல்லும்.”

“எல்லாம் போய்ச் சேந்துட்டவங்க. இன்னும் என்னத்தத் தேடுறது?”

“செத்துட்டார்னா எழுதியிருக்கான்? காணோம்னுதான எழுதியிருக்கான். காணாமப் போனவரத் தேடணுமா வேணாமா?”

 

சரி, தேடட்டும். தேடிய விதம்தான் வயிற்றெரிச்சல். காலாப்பட்டுப் பக்கம் தங்கியிருந்த ஒரு ஜெர்மன்காரர் ஊருக்குப் போய்வரும்போதெல்லாம் பெட்டி நிறைய பழைய அட்டைகளும் படங்களும் கொண்டுவந்து, டவுனில் பழைய சாமான் கடை வைத்திருந்த பாயிடம் கொடுப்பார். மாமா அந்த மனிதரைப் பிடித்து, உங்கள் பாஷையில் இந்தியர்களை எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டிருக்கிறார். அவர் ஒரு துண்டுக் காகிதத்தில் ‘இண்டர்’ என்று தன் எழுத்தில் எழுதிக்கொடுத்துவிட்டுப் போய்விட்டார். மாமா அந்தத் துண்டை பாயிடம் தந்து, “இந்த எழுத்துங்க வரிசையா வந்தா எனக்குன்னு எடுத்து வெச்சிடு பாய்” என்றார். பாய் வாக்குத் தவறாதவர். ஜெர்மன் எழுத்தோ கோலம் போட்டதுபோல முள்ளும் சுழியுமாக இருக்கும். பாய் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்த்து, அந்த எழுத்துகள் எங்கே வந்தாலும் எடுத்து ஒதுக்கிவிட்டார். முன்னால் இன்னும் ஓர் எழுத்து ஒட்டிக்கொண்டிருந்தால் அது பூ வேலை என்று இருவருமாக முடிவு செய்துகொண்டார்கள்.

அப்படித்தான் வீடு முழுக்கப் பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள். முரசு கொட்டும் பிள்ளை, அப்பாவுக்குக் கையாட்டும் பிள்ளை, கொடிக்கு முத்தம் கொடுக்கும் பிள்ளை. எல்லாம் வெள்ளைவெளேரென்று. நம்மைச் சின்னப்பசங்க என்று ஜெர்மன்காரன் கேலி செய்கிறான் என்பது மாமாவின் கண்டுபிடிப்பு. செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்ட பழைய படம் ஒன்று வந்தது, புல்வெளியில் மாட்டு மந்தை. கேட்டால், “இந்தியான்னாலே அவனுக்கு மாடுதானம்மா” என்றார். புத்தகத்தின் உள்ளட்டையில் சொந்தக்காரர் பெயரோடு ஒட்டும் சிறிய அலங்காரச் சீட்டுகளும், பெயருக்குள் அதே எழுத்துகள் இருந்ததால், வந்தன. எல்லாவற்றிலும் ‘எக்ஸ் லிப்ரிஸ்’ என்று இருக்கும். “எக்ஸ் எம்எல்ஏ மாதிரி இவன் யாரோ எக்ஸ் லிப்ரிஸ். பெரிய ஆளா இருந்திருப்பான், எல்லா புஸ்தகமும் அவனுதா இருக்குது” என்றார். ‘இன்னாருடைய புத்தகம்’ என்று மட்டும்தான் அதற்கு அர்த்தம் என்று கரடியாய்க் கத்தினேன். காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

மழைக்காலம் வந்தால் போதும், அட்டைகள் பூஞ்சை பிடிக்காமல் இருக்க அக்காவின் கட்டில்மேல் பரப்பி ஃபேனைப் போட்டுவிடுவார். அக்கா தரையில் படுப்பாள். முதுகுவலிக்காரி. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவள் என்னிடம் மணிக்கணக்கில் திட்டித் தீர்ப்பாள். நான் அவரைக் கேட்கப் போனால் மட்டும், “வுடு, அவரு யாருக்கு என்ன கெடுதல் பண்ணாரு” என்று என்மேலேயே பாய்வாள். இந்தப் புருஷன் பெண்டாட்டி நடுவில் மாட்டிக்கொண்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

காலாப்பட்டில் நான் வேலை பார்த்த அலுவலகத்துக்கு ஒரு ஜெர்மன் மாணவி வந்தாள். இனி பொறுப்பதில்லை என்று அவளை வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டேன். மாமா புதுச்சட்டை போட்டுக்கொண்டு பெட்டிகளைத் திறந்து வைத்தார். அவள் நாலைந்து அட்டைகளைப் புரட்டினாள். பிறகு தன் உடைந்த ஆங்கிலத்தில், முன்னால் இருப்பது பூ வேலை அல்ல, எழுத்து என்றாள். அது இண்டர் இல்லை, கிண்டர். குழந்தைகள் என்று பொருள். நான் தமிழில் சொன்னேன். மாமா பெட்டியைத் துழாவி அந்த மாட்டு மந்தைப் படத்தை எடுத்து நீட்டினார்.

“அப்ப மாடு?” என்றார்.

அவளிடம் கேட்டேன். அங்கேயும் முன்னால் ஓர் எழுத்து இருந்தது, அது ரிண்டர், மாடுகள் என்று பொருள். மாடு மாடுதான்.

சிரிப்பை அடக்கமுடியாமல் நான் கொல்லைப்பக்கம் ஓடினேன். திரும்பி வந்தபோது மாமா அந்தப் பிள்ளைகளை ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் ஏன் அந்தப் பெண்ணைக் கூட்டிவந்தோம் என்று ஆகிவிட்டது. அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. அக்கா என்னோடு ஒரு வாரம் பேசவில்லை.

இனி விட்டுவிடுவார் என்று நினைத்தேன். விடுவாரா? இப்போதுதான் சரியான எழுத்து தெரிந்துவிட்டதே. பாய் கடையை விட்டுவிட்டு என் போனைப் பிடித்துக்கொண்டார். தினமும் நான் வேலை முடிந்து வரும்போது வாசலில் நிற்பார். ஜெர்மனியில் ஒருவர் அப்படிப்பட்ட அட்டை ஒன்றை விற்பதாக ஒருநாள் தென்பட்டது. தொல்லை விட்டால் போதும் என்று வரவழைக்கச் சொல்லிவிட்டேன். வந்துவிட்டதா, வந்துவிட்டதா என்று அப்புறம் அதற்கு வேறு தொல்லை. அது வருவதற்குள், போன ஐப்பசி மழையில், மார்வலி என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

காரியம் முடிந்து சில நாள் கழித்துத் தபால் வந்தது. பிரிக்கவே எனக்குப் பிடிக்கவில்லை. இத்தனை வருஷம் காத்திருந்தவருக்கு இன்னும் கொஞ்ச நாள் பொறுக்க முடியாமல் போனதே என்று அவர்மேலும் ஆத்திரம், அந்தத் தபால்மேலும் ஆத்திரம். அக்காதான் பிரித்தாள். முள்வேலிக்கு முன்னால் ஒரு கூட்டம். கீழே இண்டர் என்று சுத்தமாக இருந்தது. முக்கால்வாசிப் பேர் தாடியும் தலைப்பாகையுமாக இருந்தார்கள். பிரிட்டிஷ்காரனுக்காக வடக்கேயிருந்து போனவர்கள். புதுச்சேரி ஆள் இதில் இருக்க வழியே இல்லை என்று எனக்குத் தெரிந்தது.

அக்கா மாமாவின் பூதக்கண்ணாடியை எடுத்துவந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பிறகு ஓரத்தில் விரலை வைத்தாள். எல்லோரும் கேமராவைப் பார்த்து விறைத்து நிற்கையில், அங்கே தலைப்பாகை இல்லாத ஒருவர் மட்டும் குந்தி உட்கார்ந்து, தரையில் கிடந்த ஏதோ காகிதத்தைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

“எல்லாரும் ஒழுங்கா நிக்கறாங்க. இந்த மனுசனப் பாரு, குப்ப பொறுக்கறத” என்றாள் அக்கா. “வேற யாரு? நம்ம வூட்டு ஆளுதான்.” சொல்லிவிட்டு ஓவென்று அழுதாள். மாமா இறந்த அன்றுகூட அவள் அப்படி அழவில்லை.

மறுநாள் அந்த ஒருவரை மட்டும் பெரிதாக்கி ஃபிரேம் போட என்னை ஸ்டுடியோவுக்கு இழுத்துக்கொண்டு போனாள். சின்னப் படம், பெரிதாக்கினால் தெளிவாக வராது என்றார் கடைக்காரர். பரவாயில்லை என்றாள்.

“யாருங்க இவரு?” என்றார் அவர் என்னைப் பார்த்து.

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எங்க மாமாவோட தாத்தா” என்றேன். “சண்டைக்குப் போனவரு.”

கடைக்காரர் பேனாவை எடுத்தார். “தோற்றம், மறைவு தேதியெல்லாம் சொல்லுங்க, கீழ போட்டுடலாம்.”

“மறைவுன்னுலாம் ஒண்ணும் போடாதீங்க” என்றாள் அக்கா. “இவரு காணாமப் போயிருந்தாரு. இப்பத்தான் கெடைச்சாரு.”