கவியரசன் போட மறுத்த கையெழுத்து

என் தம்பி கவியரசன் திருட்டு வழக்கிலிருந்து விடுபட்டான். ஒரு வருடப் படிப்பு கெட்டும் பிளஸ் டூ தேறினான். இன்று குடவாசலில் எலக்ட்ரீசியன். ஆனாலும் ஜீப் சத்தம் கேட்டால் கை நின்றுவிடும்.

அவன் ஒன்பதாவது படித்தபோது பக்கத்து வயலில் பம்புசெட் மோட்டார் திருடு போனது. இவன் சட்டைப்பையில் ஃபியூஸ் கட்டைகள் இருந்ததால் போலீசார் பிடித்துப் போனார்கள். பிறர் மோட்டாரைப் போட்டுவிடாமலிருக்க, அணைத்ததும் கட்டையைக் கழற்றி வீட்டுக்கு எடுத்து வருவது எங்கள் ஊர் வழக்கம். வெளியூர் ஏட்டுக்கு அது தெரியவில்லை.

நான் ஸ்டேஷனுக்கு ஓடியபோது தம்பியின் கன்னம் வீங்கியிருந்தது.

"திருடினேன்னு எழுதியிருக்கு. கையெழுத்துப் போட்டா வீட்டுக்குப் போகலாம். தம்பிகிட்ட சொல்லும்மா," என்றார் ஏட்டு.

"நான் எடுக்கலக்கா. போட மாட்டேன்."

"மீசையே முளைக்கல, வக்கீல் மாதிரி பேசுறான்!"

சிறுவர்களை இளைஞர் நீதிக் குழுமத்தில்தான் விசாரிக்க வேண்டும் என்று, நான் அழைத்து வந்த இலவச சட்ட உதவி வக்கீல் சொன்ன பிறகே அங்கே கொண்டு போனார்கள். நீதிபதி கேட்க, தம்பி கட்டை விஷயத்தைச் சொன்னான். அவன் சொன்னதை எழுதி நீட்டினார்கள். முழுவதும் படித்துப் பார்த்துவிட்டு, வாழ்க்கையில் முதன்முறையாகக் கையெழுத்துப் போட்டான்.

அதன் கீழே தேதியும் எழுதினான்: 2019 செப்டம்பர் 17.