காத்திருப்போர் பட்டியலில் முதல் பெயர்

லென்ஸ் அக்காவுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. பல்கலைக்கழகத்தில் யாராவது வெளிநாட்டுப் பயிற்சிக்குப் போகிறார்கள் என்று காதில் விழுந்தால் அன்றைக்கு அவளுக்குச் சாப்பாடு இறங்காது. மற்றபடி நல்லவள்தான். கேட்ட உதவியைச் செய்வாள். பிறர் வீட்டுத் துக்கத்துக்கு முதல் ஆளாகப் போய் நிற்பாள். பிறர் வீட்டு நல்ல செய்திக்குத்தான் கொஞ்சம் தாமதமாக வருவாள்.

உயிரியல் ஆய்வகத்தில் அவளுக்குப் பத்தொன்பது வருட வேலை. நாற்பத்திரண்டு நுண்ணோக்கிகள் அவள் பொறுப்பு. மாணவர்கள் எண்ணெயைத் துடைக்காமல் விட்டுப்போன லென்ஸை மெல்லிய தாளால் துடைப்பாள். கண் வைத்துப் பார்க்கும் கண்ணாடியில் ஒட்டிய கண்மையை எடுப்பாள். மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க அலமாரிக்குள் சின்ன பல்பு எரியவிடுவாள். அப்படி வந்த பெயர்தான் லென்ஸ் அக்கா. சொந்தப் பெயரைக் கேட்டால் துறைத் தலைவரே யோசிப்பார்.

அந்தப் பல்கலைக்கழகத்துக்கு வெளிநாட்டில் ஒன்பது பல்கலைக்கழகங்களோடு ஒப்பந்தம் இருந்தது. ஒவ்வொரு பருவமும் இங்கிருந்து பிள்ளைகள் போவார்கள், அங்கிருந்து வருவார்கள். கண்ணாடித் தகட்டை எப்படிப் பிடிப்பது என்று இவளிடம் கற்றுக்கொண்ட பிள்ளை ஆறு மாதம் கழித்துத் திரும்பி வந்து, "அங்கல்லாம் இப்படிப் பண்ண மாட்டாங்க அக்கா" என்று இவளுக்கே பாடம் எடுக்கும். "ஆமாம்பா, அங்கல்லாம் லென்ஸ் தானே குளிச்சு தானே துடைச்சுக்கும்" என்பாள். கூட இருப்பவர்கள் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். வயிறு எரிவது யாருக்கும் தெரியாது.

அந்த ஒன்பதில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் அல்லாத ஊழியர்களுக்கும் வருடத்துக்கு ஓர் இடம் உண்டு. மூன்று வாரம் அங்கே போய், தன் வேலையையே செய்யும் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக் கற்றுக்கொண்டு வரலாம். அந்த ஒரு இடத்துக்கு லென்ஸ் அக்கா ஏழு வருடம் விண்ணப்பித்திருந்தாள். ஏழு வருடமும் வேறு யாரோ போனார்கள். பல்கலைக்கழகப் பேருந்தின் ஓட்டுநர்கூட ஒரு வருடம் போய்வந்துவிட்டார். அவளுடைய முதல் பாஸ்போர்ட் ஒரு முத்திரைகூட விழாமல் காலாவதியானது. புதுப்பித்து வைத்திருந்தாள். அந்த ஊரைக் கைப்பேசி வரைபடத்தில் பார்த்துப் பார்த்து, எந்த நிறுத்தத்தில் இறங்கி எந்தச் சைக்கிள் கடையைத் தாண்டினால் ஆய்வகம் வரும் என்பதுவரை அவளுக்கு அத்துபடி.

அவள் புருஷன் எலக்ட்ரீஷியன். வாய் சும்மா இருக்காத ஆள். "அந்த ஊர்ல எவனாவது வழி தெரியாம நின்னா உனக்குத்தான் போன் போடுவான்" என்பான்.

எட்டாவது வருடம் ஒரு சிக்கல் வந்தது. ஐந்து விண்ணப்பமாவது இல்லாவிட்டால் அந்த இடத்தையே திருப்பிக் கொடுத்துவிடுவார்கள் என்று விதி. கடைசி நாளுக்கு முதல் நாள்வரை நான்குதான் வந்திருந்தன. லென்ஸ் அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நேராக நூலகத்துக்குப் போனாள். அங்கே புத்தகம் கொடுக்கும் மேசையில் அவள் தங்கை இருந்தாள்.

"இந்தாடி, இதுல ஒரு கையெழுத்துப் போடு."

"என்னக்கா இது?"

"எண்ணிக்கைக்குத்தான். உனக்கெல்லாம் கிடைக்காது, பயப்படாத."

தங்கை சிரித்துக்கொண்டே அங்கேயே நிரப்பிக் கொடுத்தாள். வேலியில் போன ஓணானைப் பிடித்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதை என்பார்களே, அது இதுதான்.

நேர்காணலில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். லென்ஸ் அக்கா எட்டு வருடமாகச் சேர்த்த அத்தனையையும் கொட்டினாள். அந்த ஆய்வகத்தில் எத்தனை நுண்ணோக்கி, என்ன வகை, எந்த மாடியில் என்று அவள் சொல்லிக்கொண்டே போக, மூவரில் ஒருவர், "எல்லாமே தெரிஞ்சிருக்கே, இனிமே போய் என்னம்மா கத்துக்கப் போறீங்க?" என்றார். வேடிக்கையாகத்தான் கேட்டார். அடுத்துப் போன தங்கை, "எனக்கு அங்க என்ன இருக்குன்னே தெரியாது சார், போய்ப் பாத்தாத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டு ஐந்து நிமிடத்தில் வெளியே வந்தாள்.

வாரம் முடிவதற்குள் அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டினார்கள். தேர்வானவர் தங்கை. கீழே காத்திருப்போர் பட்டியல். அதில் முதல் பெயர் லென்ஸ் அக்கா, இரண்டாவது பெயர் விளையாட்டுத் துறையின் ஸ்டோர்கீப்பர். தேர்வானவர் பத்து நாளுக்குள் சம்மதம் தர வேண்டும். விலகுவதானால் காரணத்தை எழுதித் தர வேண்டும். சரியான காரணம் இல்லாமல் விலகினால் மூன்று வருடத்துக்கு அந்தப் பக்கமே தலைகாட்ட முடியாது. விலகியவர் இடம் பட்டியலில் அடுத்தவருக்குப் போகும்.

லென்ஸ் அக்கா அந்தத் தாளை மூன்று தடவை படித்தாள். கூடப் பிறந்தவள் பெயர் மேலே, தன் பெயர் கீழே. வேறு எவள் பெயராவது இருந்திருந்தால் நான்கு நாள் திட்டித் தீர்த்துவிட்டு வேலையைப் பார்த்திருப்பாள்.

அன்று சாயங்காலம் தங்கை வந்தாள். எதிர் வரிசையில் மூன்றாவது வீடுதான். புருஷனுக்குக் கப்பலில் வேலை, ஆறு மாதம் கடலில் இருப்பான். நான்கு வயது மகள் பள்ளிவிட்டால் பெரியம்மா வீட்டில்தான் கிடப்பாள்.

"அக்கா, நான் நினைக்கவே இல்ல. உனக்குத்தான் கிடைக்கும்னு நினைச்சேன்."

"கிடைச்சவங்க போக வேண்டியதுதானே."

"குட்டிய நீ பாத்துக்கிட்டாத்தான் போக முடியும். அவங்கப்பா வர இன்னும் நாலு மாசம் இருக்கு. நீ சரின்னா போறேன், இல்லன்னா வேணாம்னு எழுதிக் குடுத்துடறேன்."

அவள் அதை மனதில் எதுவும் வைத்துக்கொள்ளாமல்தான் சொன்னாள். ஆனால் கேட்டவள் மனம் அதற்குள் கணக்குப் போட்டுவிட்டது. வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எட்டு வருடம் கேட்ட இடம் தானாக மடியில் வந்து விழும்.

"யோசிச்சுச் சொல்றேன்" என்றாள்.

அடுத்த ஒரு வாரம் அவள் பட்ட பாடு கொஞ்சமில்லை. தங்கை கடையில் கோட்டு பார்த்தால் எரிந்தது. நூலகத்தில் யாராவது அவளுக்கு வாழ்த்துச் சொன்னால் எரிந்தது. தங்கை குளிருக்குப் பயந்து மூக்கைச் சுருக்கிக்கொண்டு, "அங்க ரொம்பக் குளிருமாமே, எனக்கு ஒத்துக்குமா?" என்று கேட்டபோது, 'ஒத்துக்காதுன்னா விட்டுடேன்டி' என்று நாக்கு நுனிவரை வந்து நின்றது. சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். இவள் முட்டி மோதிப் படித்து வாங்கிய மதிப்பெண்ணை அவள் தூங்கி எழுந்து வாங்குவாள். வாங்கிவிட்டு, "எல்லாம் அக்கா சொல்லிக் குடுத்தது" என்று ஊருக்கெல்லாம் சொல்வாள். அதுதான் இன்னும் ஆத்திரமாக வரும். கொஞ்சம் திமிராவது காட்டினால் வெறுத்துவிட்டுப் போகலாமே.

எட்டாம் நாள் சாயங்காலம் தங்கை மறுபடி வந்து நின்றாள். "என்னக்கா, என்ன சொல்ற?"

லென்ஸ் அக்கா பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"எனக்கு ஒரு மாசமாவே தலைச்சுத்தல்டி. டாக்டர்கிட்ட போனேன். தனியா இருக்கக் கூடாதுன்னுட்டார். மாடிப்படிகூட பாத்துத்தான் ஏறணுமாம். புள்ளைய வெச்சுக்கிட்டு நான் எங்கயாவது விழுந்து வெச்சா?"

டாக்டரும் இல்லை, தலைச்சுற்றலும் இல்லை. முட்டிவலி என்று சொல்லியிருந்தாலே போதும். பொய் என்று வந்துவிட்டால் அளவாகச் சொல்ல அவளுக்குத் தெரியவில்லை.

தங்கை பயணத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "ஒரு மாசமாவா? எங்கிட்ட ஏன்க்கா சொல்லல?" என்று மட்டும் கேட்டாள். ஈரக்கையைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தாள். மீதிப் பாத்திரத்தைத் தானே துலக்கினாள்.

அவள் போனபிறகு புருஷன் உள்ளே வந்தான். இந்தத் தடவை அவன் கேலி பேசவில்லை.

"உனக்குத் தலைச்சுத்தல்னு எனக்கே இப்பத்தான் தெரியுது."

அவள் எழுந்து, தங்கை துலக்கி வைத்த பாத்திரங்களை அடுக்கத் தொடங்கினாள்.

"நான் அவகிட்ட சொல்ல மாட்டேன். ஆனா நீ சொல்லிடு" என்றான்.

"எட்டு வருஷம்ங்க" என்றாள்.

மறுநாள் காலையில் தங்கை கடிதத்தைக் கொடுத்துவிட்டாள் என்று தெரிந்தது. மதியமே பரிமாற்றப் பிரிவு அலுவலரிடமிருந்து லென்ஸ் அக்காவுக்கு அழைப்பு வந்தது. அவள் மேலங்கியைக் கழற்றி மாட்டிவிட்டு, கண்ணாடியில் முகம் பார்த்துக்கொண்டு போனாள். வழியெல்லாம் மனம் பெட்டி கட்டிக்கொண்டே வந்தது. குற்ற உணர்ச்சியும் இருந்தது, இல்லாமல் இல்லை. போய் வந்ததும் தங்கைக்கு நல்லதாக ஏதாவது செய்துவிடலாம் என்று அதற்கும் ஒரு வழி வைத்திருந்தாள்.

அலுவலர் வயதானவர், பதமாகப் பேசுகிறவர். "உக்காருங்கம்மா. மெதுவா" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். அந்த 'மெதுவா' அவளுக்குப் பிடிக்கவில்லை.

"உங்க தங்கச்சி லெட்டர் குடுத்திருக்காங்க. இருபது வருஷமா இந்த மேசையில இருக்கேன், விலகறவங்க எல்லாரும் 'குடும்பச் சூழ்நிலை'ன்னு ரெண்டு வார்த்தை எழுதுவாங்க. இப்படி யாரும் எழுதினதில்ல."

அவளும் அந்த இரண்டு வார்த்தையைத்தான் எதிர்பார்த்திருந்தாள். அவர் கடிதத்தை அவள் பக்கம் திருப்பி வைத்தார். தங்கையின் குண்டு குண்டுக் கையெழுத்து. "உயிரியல் ஆய்வகத்தில் பணிபுரியும் என் அக்கா ஒரு மாதமாகத் தலைச்சுற்றலால் அவதிப்படுகிறார். தனியாக இருக்கக் கூடாது என்று மருத்துவர் கூறியுள்ளார். சொன்னால் ஓய்வெடுக்கும் குணம் அவருக்கு இல்லை. பக்கத்தில் ஓர் ஆள் இருந்து அதட்ட வேண்டும். ஆகவே இந்த நேரத்தில் நான் எங்கும் போக இயலாது."

"அடுத்த பேரு உங்களுதுதான்" என்றார் அலுவலர். "ஆனா தனியா இருக்கக் கூடாதுன்னு எழுத்துல வந்தப்புறம் உங்கள எப்படிம்மா நான் தனியா அனுப்புவேன்? நாளைக்கு அங்க ஒண்ணு ஆச்சுன்னா யார் பதில் சொல்றது?"

"அவ்வளவு ஒண்ணும் இல்ல சார். அவ கொஞ்சம் பயந்துட்டா."

அவர் முகம் மலர்ந்தது. "அப்படின்னா நல்லதாப் போச்சு. இத இன்னும் நான் பதிவு பண்ணல. இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள பண்ணினாப் போதும். உங்களுக்கு உடம்பு சரியாத்தான் இருக்குன்னா விலகக் காரணமே இல்லையே, அவங்களே போகட்டும். கூப்பிட்டுச் சொல்லிடவா?"

அவர் கை தொலைபேசிமேல் இருந்தது.

லென்ஸ் அக்காவுக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. எந்தப் பக்கம் போனாலும் அவளுக்கு இடமில்லை. உண்மையைச் சொன்னால் தங்கை போவாள். சொல்லாவிட்டால் ஸ்டோர்கீப்பர் போவார். பந்து எண்ணுகிற மனுஷர். அவர் போனால் என்ன, வந்தால் என்ன? அவர் திரும்பி வந்து எதிர் வரிசை வீட்டில் உட்கார்ந்து, அந்த நிறுத்தத்தையும் அந்தச் சைக்கிள் கடையையும் பார்த்துவிட்டு வந்ததாகச் சொல்லப்போவதில்லை. "நீ சொன்ன மாதிரியே இருந்துச்சுக்கா" என்று கையைப் பிடித்துக்கொள்ளப்போவதில்லை. அவள் நினைத்துப் பார்த்தாள், அதை மட்டும் தன்னால் தாங்க முடியாது என்று தெரிந்தது. வெட்கமாக இருந்தது. வெட்கத்தையும் மீறி எரிந்தது.

"இல்ல சார்" என்றாள். "தங்கச்சி எழுதினது சரிதான். உடம்புக்கு முடியலதான்."

அலுவலர் கையை எடுத்தார். "உடம்பப் பாத்துக்கங்கம்மா" என்று சொல்லி, கடிதத்தில் முத்திரையைக் குத்தினார்.

அன்றைக்கு அவள் ஆய்வகத்துக்குத் திரும்பவில்லை. அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து கூடத்தில் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தாள். ஆறு மணிக்குத் தங்கை வந்தாள், இடுப்பில் குட்டி, தோளில் ஒரு பெரிய பை. பையைக் கீழே வைத்து, அதிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து நாற்காலியில் அடுக்கினாள். தன் உடுப்பு, குட்டியின் உடுப்பு, இரண்டு தலையணை உறை.

"என்னடி இது?"

"பயிற்சிக்குன்னு மூணு வாரம் லீவு எழுதிக் குடுத்திருந்தேன்ல. அத ரத்துப் பண்ணச் சொன்னாங்க. நான்தான் வேணாம், இப்பவே எடுத்துக்கறேன்னுட்டேன்." தங்கை அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "மூணு வாரமும் இங்கதான்க்கா இருக்கப் போறேன். காலையில முதல் வேலையா உன் டாக்டர்கிட்ட போறோம், அவர் பேரு என்ன?"