சிவப்புக் கோடு போட்ட மாமா

போன வருடம் கார்த்திகையில், மழை இரண்டு நாள் ஓய்ந்திருந்த ஒரு சனிக்கிழமை காலை, அளவெட்டியில் எங்கள் வீட்டு வேலியோரம் நடந்தது இது. மிளகாய்க் கன்று நடுவதற்கு முன் தோட்டத்தில் குழை தாழ்ப்பது எங்கள் வழக்கம். பூவரசங் கிளைகளை வெட்டிப் பச்சை இலையோடு மண்ணில் புதைத்தால் அதுதான் உரம். மரத்தில் ஏறி வெட்டுவது என் கணவர்.

நான் எதற்கும் பயப்படுகிறவள். மருந்துப் போத்தலில் எழுதியிருப்பதை இரண்டு தரம் வாசித்த பிறகுதான் மகளுக்குக் கொடுப்பேன். அன்று மரம் ஈரத்தில் வழுக்கியது. ஏற வேண்டாம் என்று இவரை மறித்தேன். பக்கத்து வீட்டு அண்ணையின் உழவு இயந்திரம் வேலிக்கு வெளியே ஒழுங்கையில் நின்றது. அதன் முன்னால் மண் அள்ளும் பெரிய வாளி. அதில் இவரை நிற்கவைத்துத் தூக்கினால் என்ன? யோசனை என்னுடையதுதான்.

அண்ணை தயங்கினார். "தங்கச்சி, உது மண் அள்ளுற வாளி. ஆளேத்திற சாமான் இல்லை."

"மரத்திலை வழுக்கி விழுறதை விட நல்லதுதானே அண்ணை. பத்து நிமிச வேலை."

"உவ பிடிச்சா விடமாட்டா அண்ணை," என்று சிரித்தபடி இவர் வாளிக்குள் ஏறினார். "சாமி எழுந்தருளுற மாதிரி மெல்லமாத் தூக்குங்கோ."

என் இடுப்பிலிருந்த நாலு வயது மகள், வாளியைத் தாங்கும் இரும்புக் கையில் ஒட்டியிருந்த மஞ்சள் படத்தைக் காட்டினாள். "அம்மா, இந்த மாமாவுக்கு மேலை ஏன் சிவப்புக் கோடு கீறியிருக்கு?"

"சும்மா இரு பிள்ளை, அப்பா மேலை போறதைப் பார்," என்றேன்.

வாளி கூரைக்கு மேலே போனது. இரண்டு கிளைகள் ஒழுங்காக விழுந்தன. மூன்றாவது பெரிய கிளை. முறிந்து சுழன்று ஓட்டுநர் பக்கமாக வந்தது. முகத்தை மறைக்கக் கையைத் தூக்கிய அண்ணையின் முழங்கை வாளியை இயக்கும் நெம்புகோலில் இடித்தது. வாளி முன்பக்கமாகக் கவிழ்ந்தது.

எனக்குக் கத்தக்கூட நேரமிருக்கவில்லை. இவர் கையிலிருந்த வெட்டுக் கத்தி என் காலடியிலிருந்து ஒரு முழம் தள்ளி மண்ணில் குத்தி நின்றது. நிமிர்ந்து பார்த்தேன். இவர் ஒரு கிளையைக் கட்டிப்பிடித்துத் தொங்கினார். நேர் கீழே எங்கள் வேலிக் கதியால் தடிகள், கூராகச் சீவிய நுனிகளோடு.

"வாளியைத் திருப்பித் தூக்குங்கோ அண்ணை!" என்றேன்.

"இனி நான் தொடமாட்டன். ஏணி! ஏணியைக் கொண்டு வா!" அவர் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் குதித்தார்.

"கெதியா வாங்கோ, கை விடப் போகுது," என்று மேலிருந்து இவர் சொன்னார். அந்தக் குரலை அதற்கு முன் நான் கேட்டதில்லை.

ஏணி வந்தது. இவர் இறங்கினார். நெஞ்சு முழுவதும் உரிந்திருந்தது. தெல்லிப்பழை ஆசுப்பத்திரியில் மருந்து கட்டித் திரும்பினோம்.

காப்புறுதி அலுவலகத்தில் வேலை செய்யும் மச்சாளிடம் பின்னேரம் சொன்னேன். "உனக்கென்ன விசரோ? உந்த வாளியிலை ஆளேத்தவே கூடாது. விழுந்திருந்தா காப்புறுதியும் இல்லை, மெசின் ஓடினவரைத்தான் பொலிஸ் முதலிலை பிடிக்கும்," என்றாள். அண்ணைக்குப் படிக்கிற வயதில் இரண்டு பெண்பிள்ளைகள்.

அடுத்த நாள் மன்னிப்புக் கேட்கப் போனேன். நான் வாயைத் திறக்குமுன் அவரே, "பிழை என்ரைதான் தங்கச்சி, நான் ஏலாது எண்டு நிண்டிருக்க வேணும்," என்றார். முற்றத்தில் நின்ற இயந்திரத்தைப் பார்த்தேன். மஞ்சள் படத்தில் வாளிக்குள் ஒரு ஆள் நிற்கிறான். அவனுக்குக் குறுக்கே சிவப்புக் கோடு. வாசிக்க ஒரு எழுத்துக்கூட இல்லை. எழுத்துத் தெரியாத என் மகள் கண்டதை, எல்லாவற்றையும் இரண்டு தரம் வாசிக்கிற நான் ஒரு தரம்கூடப் பார்க்கவில்லை.

இப்போதும் அவள் எதையாவது காட்டி "ஏன்?" என்று கேட்டால், என் கை வேலை அப்படியே நின்றுவிடுகிறது, அவள் விரல் நீளும் இடத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வருகிறது.