எசேக்கியா பவலின் சட்டைக் கை

ஏழை ஏன் ஏழையாக இருக்கிறான் என்ற கேள்விக்கு, மொனாங்கஹீலா ஆற்றங்கரை ஊர்களில் அந்தக் காலத்தில் இரண்டு பதில்கள் சுற்றிக்கொண்டிருந்தன. குடிக்கிறான், சேமிக்கத் தெரியவில்லை, அதனால் ஏழை என்றது ஒன்று. நிலக்காரன் வாடகையாக எல்லாவற்றையும் உறிஞ்சிவிடுகிறான், அதனால் ஏழை என்றது மற்றொன்று. இரண்டுக்கும் மேடையில் ஏற்றிக் காட்ட ஓர் ஆள் தேவைப்பட்டான். வேடிக்கை என்னவென்றால், இரண்டு கட்சிக்கும் அகப்பட்டவன் ஒரே ஆள்தான். அவன் பெயர் எசேக்கியா பவல்.

பவல் வேல்ஸ்காரன். அப்பன் தோளில் உட்கார்ந்து கப்பலேறி வந்தவன். மீசை அரும்புவதற்கு முன்பே டன்ஸ்டர் இரும்பாலையில் சேர்ந்துவிட்டான். உருளைகளுக்கு நடுவே நசுங்கி வெளியே பாயும் சிவந்த இரும்பை இடுக்கியால் கவ்வி மறுபடி உள்ளே தள்ளுகிற வேலை. சனிக்கிழமை சாயங்காலம் சாராயக்கடை மேஜையில் முழங்கையை ஊன்றி உட்கார்ந்தால் அவன் வலது கையைச் சாய்க்க அந்த ஊரில் ஆள் கிடையாது. ஆனால் ஒரு சொட்டுக் குடிக்கமாட்டான். தேவாலயப் பாட்டுக் குழுவில் அடிக்குரல் அவனுடையது. குடித்தால் குரல் கெட்டுவிடும் என்று பயம். ஜெயித்த கையோடு தண்ணீர் வாங்கிக் குடிப்பவனைப் பார்த்துக் கடையே சிரிக்கும்.

அந்தக் கை போன கதை இதுதான். பகல் ஆட்களும் இரவு ஆட்களும் முறை மாறுகிற ஞாயிற்றுக்கிழமைகளில், ஒரு கூட்டம் ஒரு பகலும் ஒரு இரவும் சேர்த்து நின்றபடி வேலை செய்யவேண்டும். ஆலையில் அதற்கு நீள முறை என்று பெயர். அப்படியொரு நீள முறையின் கடைசியில் பவல் நின்றுகொண்டே கண்ணயர்ந்தான். கையுறை உருளையோரம் மாட்டிக்கொண்டது. மாட்டியது விரல் நுனிதான். எஞ்சினை நிறுத்தச் சொல்லி அலறினான். நிறுத்தினால் உள்ளே இருக்கிற இரும்புத் துண்டு இறுகி உருளை பாழாகும். மேஸ்திரி கையைத் தூக்கி, "துண்டு வெளிய வரட்டும்" என்றான். துண்டு வெளியே வந்தது. விரலோடு போயிருக்கவேண்டியது முழங்கைக்கு மேலே போயிற்று.

கூட இருந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். எவனும் பேசவில்லை. ஆலையிலிருந்து ஒரு மூட்டை உருளைக்கிழங்கும் ஒரு வாக்கும் வந்தன. உள்ளே நடந்ததை வெளியே சொல்லிக்கொண்டு திரியாமல் இருந்தால், வாசல் காவலாளிக் கிழவனுக்குப் பிறகு அந்த வேலை பவலுக்கு. வீடும் ஆலை வீடு. வேலை இல்லாதவனுக்கு அதில் இடம் கிடையாது. காவல் வேலை கிடைக்கும் என்ற பேச்சு இருந்ததால்தான் விட்டுவைத்திருந்தார்கள். கிழவன் சாகிறவரை வாயை மூடிக்கொண்டு கிடப்பதுதான் பவலுக்கு இனிப் பிழைப்பு.

அவன் மனைவி அங்காரட்டுக்கு மூடத் தெரியாத வாய். காய்ச்சல் வேகத்தில் அவன் உளறிய எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

"கைய எடுத்தது அவங்க. அதுக்கு உண்டானதைக் குடுக்க வேண்டியதும் அவங்க. இதுல என்ன பெரிய வேதாந்தம்?" என்பாள்.

"மெதுவாப் பேசுடி. சுவத்துக்குக் கூடக் காது இருக்கு."

"சுவரும் அவங்களோடதுதானே, இருக்கும் இருக்கும்."

அந்தக் குளிர்காலத்தில் தொண்டை அடைப்பான் வந்து அவர்கள் மகள் நெஸ்டா போய்விட்டாள். அடக்கம் முடிந்து வந்த அன்று அங்காரட் குழந்தையின் தகரத் தட்டை எடுத்துப் பரணில் வைக்கப் போனாள். பவல்தான் தடுத்தான். "இருக்கட்டும்டி. மேஜை மேலேயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு ஒரு கையால் முகத்தை மூடிக்கொண்டான். அன்றிலிருந்து அவர்கள் வீட்டில் இரண்டு பேருக்கு மூன்று தட்டு. அந்த மூன்றாவதையும் அவள் தினமும் கழுவித் துடைத்து வைத்தாள்.

முதலில் அவனைக் கண்டுபிடித்தவர் போதகர் தேயர். வெள்ளைக் கைக்குட்டை, வெண்ணெய்க் குரல். ஆண்டவர் செல்வத்தை அதைக் காக்கத் தெரிந்தவர்களிடம்தான் கொடுக்கிறார் என்று ஆற்றின் மேல்பக்க ஊர்களில் சொற்பொழிவு செய்துவந்தார்.

"பவல், ஒரு சின்ன விஷயம். அந்த விபத்துக்கு முன்னால நீ கொஞ்சம் குடிச்சிருந்தேன்னு வெச்சுக்குவோம்."

"நான் குடிக்கிறதே இல்லீங்களே ஐயா."

"தெரியும்ப்பா. ஆனா கேக்க வர்றவங்களுக்கு ஒரு பாடம் வேணும்ல? திருந்தின பாவிய மேடையில ஏத்தலாம். பாவமே பண்ணாதவனை ஏத்தி நான் என்னத்தைப் பிரசங்கம் பண்றது?"

ஒரு கூட்டத்துக்கு அரை டாலரும் சூப்பும். பவல் குடிகாரனானான்.

மாதம் ஒன்று போவதற்குள் வின்ஸ்லோ வந்து சேர்ந்தான். பள்ளிக்கூட உத்தியோகத்தை உதறிவிட்டு நிலக்காரர்கள் மேல் போடும் நில வரி ஒன்றே உலகத்தைக் காப்பாற்றும் என்று கிளம்பியவன். கலைந்த தலை, மை பட்ட விரல். அவன் ஆற்றின் கீழ்பக்க ஊர்களில் முழங்கினான்.

"வாடகைய மேல மேல ஏத்துனாங்க, அதைக் கட்டத்தான் கூடுதல் முறை வேலைக்குப் போனேன், அதுல கை போச்சு. இவ்வளவுதான் தோழரே நீங்க சொல்லவேண்டியது."

"நம்ம வீட்டு வாடகை ஏறவே இல்லீங்களே."

"உங்களோடது ஏறலைன்னா யாரோ ஒருத்தரோடது ஏறியிருக்கும்ல? அவங்களுக்காகப் பேசுங்க. சுயநலமா இருக்காதீங்க."

அங்கேயும் அரை டாலர். சூப்பு கிடையாது, கொள்கை மட்டும்தான்.

இரண்டு பேருக்கும் அவன் சட்டைக் கை விஷயத்தில் தனித்தனி விருப்பம். காலி சட்டைக் கை மடித்து ஊக்கு குத்தி ஒழுங்காக இருக்கவேண்டும் போதகருக்கு. திருந்தியவன் என்றால் பார்த்ததும் தெரியவேண்டுமாம். வின்ஸ்லோவுக்கோ அது காற்றில் தொங்கி ஆடவேண்டும். அப்போதுதான் கூட்டத்தில் பெண்கள் அழுவார்கள். ஒற்றைக் கையால் பவலுக்கு ஊக்கு குத்தவும் வராது, எடுக்கவும் வராது. கிளம்புமுன் அங்காரட் முன்னால் போய் நிற்பான்.

"இன்னைக்கு யாரு கூட்டம்? குத்தணுமா, அவுக்கணுமா?"

"குத்து."

"அப்ப இன்னைக்கு என் புருஷன் குடிகாரன். சரி, தள்ளாடாம நில்லு."

சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். அந்த வீட்டில் மிச்சமிருந்த சிரிப்பு அது ஒன்றுதான்.

வசந்த காலத்தில் காவலாளிக் கிழவன் செத்தான். அதே வாரம் ஆலை முதலாளி டன்ஸ்டர் தன் செலவில் நகர மண்டபத்தில் ஒரு விவாதம் ஏற்பாடு செய்தார். வறுமைக்குக் காரணம் எது? போதகர் ஒரு பக்கம், வின்ஸ்லோ ஒரு பக்கம், தலைமை டன்ஸ்டர். சொந்த ஆலைக்காரன் இதற்கு ஏன் மண்டபம் கொடுக்கிறான் என்று கேட்பீர்கள். இரண்டு பேர் பதிலையும் அலசிப் பாருங்கள். ஒன்றிலாவது உருளையோ நீள முறையோ வருகிறதா? அந்த மனிதருக்கு இரண்டு பேரையுமே பிடித்திருந்தது.

பவலிடம் டன்ஸ்டரின் ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான்: மேடைக்கு வா, நல்லபடியாகப் பேசு, மறுநாள் காலை வாசல் சாவி உன் கையில். மேல்பக்கப் பொய்யும் கீழ்பக்கப் பொய்யும் ஒரே கூரைக்கு அடியில் சந்திக்கப் போகின்றன என்பது அவனுக்குத் தெரியும். ஆனால் போகாவிட்டால் வேலை இல்லை, வேலை இல்லாவிட்டால் வீடு இல்லை.

"பாதி குத்தி, பாதி தொங்க விட்டுரவா?" என்றாள் அங்காரட். "ரெண்டு மகராசனுக்கும் மனசு குளிரும்."

"நீ வராதடி இன்னைக்கு."

"என் புருஷன் ஒரே ராத்திரியில குடிகாரனாவும் கடன்காரனாவும் ஆகறதை நான் பாக்க வேணாமா?"

வந்தாள். மாடி வரிசையில், ஆலை ஆட்களுக்கு நடுவே உட்கார்ந்தாள்.

போதகர் முதலில் அழைத்தார். "அன்னைக்கு நீ குடிச்சிருந்தியா, பவல்?"

"ஆமாங்க ஐயா."

பிறகு வின்ஸ்லோ. "வாடகை கட்டத்தானே ஓய்வில்லாம வேலைக்குப் போனீங்க?"

"ஆமாங்க."

மாடியில் ஒருவன், "அடேய் எசேக்கியா, வாடகைய எந்தக் கடையிலடா ஊத்திக் குடிச்ச?" என்று கத்தினான். மண்டபம் இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு. அவன் கை விழுந்ததைக் கண்ணால் பார்த்தவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். போதகர் வின்ஸ்லோவை முறைத்தார், வின்ஸ்லோ போதகரை முறைத்தான். பொய்ச் சாட்சி வைத்திருந்த இரண்டு பேருக்கும் பவல் மேல்தான் ஆத்திரம். டன்ஸ்டர் மட்டும் நிதானமாகக் கேட்டார்: "ரெண்டுல எதுப்பா நிஜம்?"

"ரெண்டுமே இல்ல!"

அங்காரட் மாடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நீள முறையைச் சொன்னாள், கையுறையைச் சொன்னாள், துண்டு வெளியே வரட்டும் என்ற மேஸ்திரியைச் சொன்னாள். "இந்தா உக்காந்திருக்காங்களே, அத்தனை பேரும் பாத்தாங்க. சொல்லுங்கடா! எந்திரிச்சுச் சொல்லுங்கடா!" அவர்கள் குனிந்து பூட்ஸைப் பார்த்தார்கள்.

டன்ஸ்டர் பவலின் பக்கம் திரும்பினார். குரலில் கோபமே இல்லை, அதுதான் பயங்கரம். "உன் சம்சாரம் சொல்றது நிஜமா?"

பவல் மாடியை நிமிர்ந்து பார்த்தான். பிறகு டன்ஸ்டரின் சட்டைப் பொத்தானைப் பார்த்தான். அவனை நல்லவன் என்றோ கெட்டவன் என்றோ தீர்ப்புச் சொல்ல எனக்குத் தெரியாது. ஆனால் அடுத்து அவன் சொன்னதை என்னால் மன்னிக்க முடியவில்லை, இன்றுவரை.

"அவ பேச்சைப் பெருசா எடுத்துக்காதீங்க முதலாளி. புள்ள செத்ததுலேருந்து அவளுக்குப் புத்தி நிலையா இல்ல. இன்னமும் செத்த புள்ளைக்கும் சேத்துத் தட்டு வைக்கிறா."

மண்டபத்தில் ஒரு 'அடப் பாவமே' எழுந்தது. அங்காரட்டின் வாய் திறந்தபடி நின்றது. தட்டு யார் வைக்கச் சொன்னது என்று அவள் கத்தியிருக்கலாம். கத்தவில்லை. அந்த மூடத் தெரியாத வாய் அன்றுதான் மூடிக்கொண்டது.

அதற்கப்புறம் எல்லாம் சுமுகமாக நடந்தது. குடி ஒரு குடும்பத்தை எங்கே கொண்டுபோய்விடுகிறது பாருங்கள் என்றார் போதகர். வாடகை ஒரு தாயின் புத்தியையே பறித்துவிட்டது பாருங்கள் என்றான் வின்ஸ்லோ. அவளுக்கு நல்ல கவனிப்பு தேவை என்பதில் இரண்டு பேருக்கும் கருத்து வேற்றுமை இல்லை. மேடையில் கைகுலுக்கிக்கொண்டார்கள். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. முன்வரிசையில் இருந்த டாக்டர் மறுநாளே வந்து பார்த்தார். மேஜையில் மூன்று தட்டு இருந்தது, அவருக்கு அது போதும். மாவட்டப் பைத்தியக்கார ஆஸ்பத்திரி வண்டி வந்தபோது அவள் தானாகவே ஏறி உட்கார்ந்தாள். ஆலை வாசலைத் தாண்டித்தான் வண்டி போகவேண்டும். புதுத் தொப்பியும் இடுப்பில் சாவிக்கொத்துமாக நின்ற காவலாளி, அந்த நேரத்தில் ஏதோ வேலையாக உள்ளே போய்விட்டான்.

பவல் வேலையில் குறை வைக்கவில்லை. கூட்டங்களும் நிற்கவில்லை, முன்பைவிட அதிகம். கையிழந்தவனைவிடக் கையும் மனைவியும் இழந்தவனுக்குக் கிராக்கி கூடுதல். தட்டு விஷயத்தைச் சொல்லச் சொல்லி இரண்டு பேருமே கேட்டார்கள். முதல் சில தடவை குரல் தடுமாறியது. பிறகு பழகிவிட்டது.

இலையுதிர் காலத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் அவன் ஆஸ்பத்திரிக்குப் போனான். அதுதான் முதல் தடவை. அன்று சாயங்காலம் பெரிய கூட்டம். பட்டணத்துச் சீமாட்டிகள் வருகிறார்கள், இத்தனை நாள் போல் நுனியைப் பையில் செருகிக்கொண்டு வராதே, சட்டைக் கை ஊக்கு குத்திச் சுத்தமாக இருக்கவேண்டும் என்று சொல்லியிருந்தார் போதகர். குத்திவிட ஆள் இல்லாததால்தான் போனானோ, பார்க்கத்தான் போனானோ, அது அவனுக்கே தெரியுமோ என்னவோ.

அங்காரட்டின் முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். சாம்பல் நிற உடுப்பு. அவனை மேலும் கீழும் பார்த்தாள். பார்வை தொங்குகிற சட்டைக் கையில் வந்து நின்றது.

"யாரு கூட்டம் இன்னைக்கு?"

"போதகரோடது."

"அப்ப குத்தணுமே. குடு."

உள்ளங்கையை நீட்டினாள். அவன் பையிலிருந்து ஊக்கை எடுத்து அதில் வைக்கப் போனான். பக்கத்தில் நின்ற காவல்காரி பாய்ந்து அதைப் பிடுங்கினாள்.

"யோவ், அறிவிருக்கா உனக்கு? பைத்தியத்துக்கிட்ட ஊசி ஊக்கெல்லாம் குடுக்கலாமா?" என்று கத்தியவள், இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள். "ஏன், இவளுக்குப் புத்தி நல்லாத்தான் இருக்கா? அப்படின்னா சொல்லு. புருஷன் நீ சொன்னா டாக்டர் மறுபடி பாப்பாரு."

அங்காரட் கையை மடக்கவில்லை. நீட்டியபடியே அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பவலின் இடுப்பில் சாவிக்கொத்து கனத்தது.

"மன்னிச்சுக்கங்கம்மா" என்றான் காவல்காரியிடம். "மறந்துட்டேன்."