பிளேட்டுக்காரர் வீட்டு நாலு டிஸ்க் பெட்டி

எரிந்துபோன மோட்டாரைத் தூக்கிக்கொண்டு அவருடைய பட்டறைக்குள் யார் நுழைந்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான். "பிளேட்டைப் படிச்சியா?" மோட்டாரின் முதுகில் ஒட்டியிருக்கும் சின்னத் தகட்டைத்தான் சொல்கிறார். எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று எல்லாம் அதில் அச்சடித்திருக்கும். படிக்கவில்லை என்று வந்தவர் வாயைத் திறந்தால் தீர்ந்தது. "அப்ப அது என்ன, அழகுக்கா ஒட்டி வச்சிருக்கான்? கண்ணு எதுக்கு இருக்கு?" என்று ஆரம்பித்துக் காய்ச்சி எடுத்துவிட்டுத்தான் மோட்டாரைக் கையில் வாங்குவார். மோட்டாருக்குள் செம்புக் கம்பியைச் சுற்றிக் காயில் கட்டும் தொழிலில் இருபத்தாறு வருடம். இப்படிக் கத்திக் கத்தியே பிளேட்டுக்காரர் என்று பெயர் நிலைத்துவிட்டது. சொந்தப் பெயரைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் கரண்ட் பில்லைத்தான் பார்க்க வேண்டும்.

முன்னால் பட்டறை, பின்னால் வீடு. வீட்டின் கடைசி அறை அவர் மனைவியுடையது. சுவர் முழுக்கப் பழைய மெத்தைகளையும் போர்வைகளையும் தொங்கவிட்டு, நடுவில் ஒரு மேசை, ஒரு மைக். பார்வையில்லாத பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடத்துக்குப் பாடப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்து கொடுப்பது அவள் வேலை. பதினாறு வருடமாக வாசித்தாள். முன்னால் மோட்டார் ஓடினால் பின்னால் பதிவு கெட்டுப்போகும். அதனால் இந்தப் பதினாறு வருடமும் அந்த வீட்டில் சண்டைக்குக் குறைவே இல்லை. "என்னங்க, அதை நிறுத்துங்க!" என்று அவள் கத்துவதும், "ரெண்டே நிமிஷம்" என்று இவர் பதிலுக்குக் கத்துவதும் தெருவுக்கே தெரியும்.

நாலு மாதத்துக்கு முன்னால் அந்தச் சண்டை நின்றுபோனது. தொண்டையில் கட்டி. அதை எடுக்கிறபோது குரல்வளையையும் சேர்த்து எடுக்க வேண்டியதாயிற்று. உயிர் பிழைத்தாள், அதுவே பெரிய விஷயம் என்று எல்லோரும் சொன்னார்கள். இவரும் சொன்னார். ஆனால் பட்டறையில் மோட்டாரை ஓட்டிச் சோதிக்கும்போதெல்லாம் கை தானாக சுவிட்சுக்குப் போய் நிற்கும். யாரும் கத்தவில்லை என்று தெரிந்த பிறகுதான் மேலே ஓட்டுவார். அவள் கழுத்தில் ஒரு வெள்ளைப் பலகையும் பேனாவும் தொங்கின. எது வேண்டுமானாலும் எழுதிக் காட்டுவாள். அந்தக் கடைசி அறைப் பக்கம் மட்டும் போவதில்லை.

அவள் குரல் இப்போது இருப்பது ஒரே இடத்தில். அந்த அறையின் அலமாரியில், பதிவுகளைச் சேமித்து வைக்கிற நாலு டிஸ்க் போட்ட ஒரு பழைய கறுப்புப் பெட்டியில். அதன் பக்கத்தில் சாப்பாட்டு டப்பா அளவுக்கு ஒரு சின்ன கம்ப்யூட்டர். அதற்கு சர்வர் என்று பெயர். அவளுடைய தம்பி போன வருடம் வந்து மாட்டிவிட்டுப் போனது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அங்கிருந்தபடியே பாடம் கேட்பது இதிலிருந்துதான். வேறு எங்கும் பிரதி கிடையாது. போனிலாவது இருக்கும் என்று நினைப்பீர்கள். ஒரே வீட்டில் இருபத்துநாலு வருடம் குடித்தனம் நடத்துகிறவர்கள் எதற்குக் குரலைப் பதிந்து அனுப்பிக்கொள்ளப் போகிறார்கள்? 'வரும்போது பால் வாங்கிட்டு வாங்க' என்று மூன்று இருந்தது. அதையும் இந்த மனிதர் இடம் அடைக்கிறது என்று எப்போதோ அழித்துத் தொலைத்திருந்தார்.

அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை அந்த வேலையில் இறங்கினார். மச்சான் இரண்டு டிஸ்க் போடுகிற புதுப் பெட்டி ஒன்றை அனுப்பியிருந்தான். பழைய பெட்டியில் இருப்பதையெல்லாம் அதில் இன்னொரு பிரதி எடுத்து வைத்துவிட்டால் நிம்மதி. காலையிலேயே பட்டறையைச் சாத்திவிட்டு, பிளேட்டுக்காரர் கடைசி அறைக்குள் போய் எல்லாவற்றையும் அணைத்தார், கழற்றினார், தூசி தட்டினார். இரண்டு பெட்டிகளையும் அலமாரியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒயர் தொங்கினால் அவருக்குப் பிடிக்காது. இரண்டு அடாப்டர்களின் ஒயரையும் சேர்த்து, காயிலைக் கட்டுகிற நூலாலேயே ஒரு விரல் இடைவெளிக்கு ஒரு முடிச்சாகப் போட்டு ஒரே கட்டாகக் கட்டி அலமாரிக்குப் பின்னால் விட்டார். பார்த்தால் புது மோட்டாருக்குள் இருக்கிற கட்டு மாதிரி அவ்வளவு சுத்தம். தானே ஒரு தடவை தள்ளி நின்று ரசித்துக்கொண்டார்.

சுவிட்சைப் போட்டார். புதுப் பெட்டியில் இரண்டு பச்சை விளக்கு. பழையதில் இரண்டு பச்சை, இரண்டு சிவப்பு.

மச்சான் சொல்லிவிட்டுப் போனது நன்றாக ஞாபகம் இருந்தது. நாலு டிஸ்க்கும் ஒன்றுக்கொன்று கைகோத்துக்கொண்டு நிற்கின்றன. ஒன்று செத்தால் மற்ற மூன்றும் தாங்கிக்கொள்ளும், இரண்டு செத்தால் எல்லாம் போச்சு. போனை எடுத்தார்.

"மச்சான், ரெண்டு சிவப்பா எரியுதுடா."

"பதறாதீங்க மாமா. அணைச்சுட்டு மறுபடி போடுங்க."

போட்டார். மறுபடியும் சிவப்பு. மேசை மேல் இருந்த கம்ப்யூட்டர் திரையில் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கவா என்று கேட்டுக்கொண்டு ஒரு நீலப் பொத்தான் வேறு வந்து உட்கார்ந்துகொண்டது. மவுஸ் பக்கம் கையைக் கொண்டுபோகவே பயமாக இருந்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"மாமா, நான் இங்கேருந்தே உள்ளே போய்ப் பாக்குறேன்," என்றான் மச்சான். கொஞ்ச நேரம் தட்டுகிற சத்தம் கேட்டது. "சரியில்லை மாமா. ஆறு வருஷ டிஸ்க்கு. ஒவ்வொண்ணா விழுது. முன்னாடி ரெண்டாவதும் நாலாவதும் விழுந்துச்சு, இப்ப ஒண்ணாவதும் நாலாவதும் விழுந்து கிடக்கு."

"இப்ப என்ன பண்றது?"

"ஒரே வழி இருக்கு. விழுந்ததையும் வலுக்கட்டாயமா சேர்த்துத் தொறந்து பாக்கலாம். வந்தா வந்துச்சு. வரலைன்னா உள்ளே இருக்கிறதெல்லாம் கலைஞ்சுபோயிடும், அப்புறம் எந்தக் கொம்பன்கிட்ட குடுத்தாலும் எடுக்க முடியாது. நீங்க சரின்னா நான் இங்கேருந்து அமுக்குறேன். சீக்கிரம் சொல்லுங்க மாமா, அது ஓட ஓட இன்னும் கெட்டுட்டே போகும்."

வாசலில் நிழல் தட்டியது. மனைவி. நாலு மாதத்தில் முதல் தடவையாக அந்த அறை வாசலுக்கு வந்து நிற்கிறாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. சிவப்பு விளக்கைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள். பலகையில் எழுதிக் காட்டினாள்.

"விடுங்க. போனா போகட்டும்."

அவருக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ! "உனக்கென்ன, ரெண்டு வார்த்தை எழுதிக் காட்டிட்டுப் போயிடுவ! எனக்குல்ல வேணும்!" என்று கத்திவிட்டார். கத்திய பிறகுதான் யாரிடம் கத்தினோம் என்று உறைத்தது. அவள் திருப்பிக் கத்தவில்லை. எப்படிக் கத்துவாள்? பலகையைத் துடைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அங்கே பாத்திரம் ஒன்று ணங்கென்று விழுந்தது, அல்லது விழவைக்கப்பட்டது.

"மாமா? அமுக்கட்டுமா?"

சரி என்று சொல்ல வாயெடுத்தவர் நிறுத்தினார். நாக்கு நுனியில் வேறு ஒன்று வந்து நின்றது.

"இருடா. முன்னாடி ரெண்டாவது செத்துப்போச்சுன்னு சொன்ன."

"ஆமா."

"இப்ப ரெண்டாவது உயிரோட இருக்கு, ஒண்ணாவது செத்துப்போச்சுங்கிற. செத்தது எப்படிடா எழுந்து உக்காரும்?"

மச்சான் மறுபடியும் எதையோ தட்ட ஆரம்பித்தான்.

"எதையும் தொடாத. தொட்டே, அக்கா வீட்டு வாசப்படிய மிதிக்க விடமாட்டேன்," என்று சொல்லிவிட்டுப் போனை மேசையில் வைத்தார். பட்டறைக்கு ஓடி நீளமான ஸ்க்ரூடிரைவர் ஒன்றை எடுத்துவந்தார். மோட்டாரில் பேரிங் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க இந்தத் தொழிலில் ஒரு வழி உண்டு. ஸ்க்ரூடிரைவரின் முனையை மோட்டார் மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்தால் உள்ளே நடப்பது அப்படியே கேட்கும். டிஸ்க்குக்குள் மட்டும் என்ன இருக்கிறது? அதுவும் சுற்றுகிற மோட்டார்தானே! முனையை மெதுவாகப் பெட்டியின் மேல் ஊன்றினார், கண்ணை மூடிக்கொண்டார், "மறுபடி ஒரு தடவை போடுறேன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு சுவிட்சை அணைத்துப் போட்டார்.

நாலும் சேர்ந்து கிளம்பின. உர்ரென்று ஏறிக்கொண்டே போய், பாதியில் சுருதி இறங்கி, டிக். மறுபடி உர்ர். மறுபடி டிக். உரசல் இல்லை, கரகரப்பு இல்லை. பேரிங் போனால் இப்படிச் சத்தம் வராது. இருபத்தாறு வருடத்தில் இந்தச் சத்தத்தை ஆயிரம் தடவை கேட்டிருக்கிறார். சுற்றத் தெம்பிருந்தும் கரண்ட் பற்றாமல் திணறுகிற மோட்டார் இது. ஓடும்போது குடிப்பதைவிடக் கிளம்பும்போதுதான் மோட்டார் அதிகம் குடிக்கும். நாலும் ஒரே நேரத்தில் கை நீட்டினால் எப்படிப் போதும்? இரண்டுக்குக் கிடைக்கிறது, இரண்டு விழுந்துவிடுகிறது.

சுவிட்சை அணைத்தார். அலமாரிக்குப் பின்னால் கையை விட்டு அந்த அழகான கட்டை வெளியே இழுத்தார். இரண்டும் கறுப்பு அடாப்டர், இரண்டுக்கும் ஒரே மாதிரி உருண்டை முனை. தன் நூல் கட்டின் மேல் இருந்த நம்பிக்கையில் எந்த முனை எந்த அடாப்டரில் இருந்து வருகிறது என்று பார்க்கவே இல்லை. அடாப்டரைத் திருப்பினார். முதுகில் ஒரு சின்னச் சீட்டு. கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படித்தார். பழைய பெட்டியில் போய்ச் சொருகியிருந்தது நாலு ஆம்பியர். இரண்டு டிஸ்க் போடுகிற புதுப் பெட்டி எட்டு ஆம்பியரை வைத்துக்கொண்டு சொகுசாக உட்கார்ந்திருந்தது.

பிளேட்டைப் படிக்கவில்லை! ஊரையெல்லாம் நிற்கவைத்துக் கேட்ட மனிதர், தன் வீட்டில், இதற்குமேல் ஒன்று உலகத்தில் கிடையாது என்கிற பொருளுக்கு, பிளேட்டைப் படிக்கவில்லை. வெட்கமும் சந்தோஷமும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. சரி என்று மட்டும் சொல்லியிருந்தால்?

கத்தியை எடுத்து முடிச்சு ஒவ்வொன்றையும் அறுத்தார். அவசரத்தில் விரலிலும் ஒரு கீறல். எட்டு ஆம்பியரைப் பழைய பெட்டியில் சொருகினார். இந்தத் தடவை இரண்டு சீட்டையும் வாய்விட்டு, இரண்டு இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் சுவிட்சைப் போட்டார்.

உர்ரென்று ஏறியது. ஏறிக்கொண்டே போனது. டிக் வரவில்லை. ஒன்று பச்சை. இரண்டு பச்சை. மூன்றாவது இழுத்தடித்துக்கொண்டு வந்தது. நாலாவதற்கு அவர் பெட்டியின் மேலேயே குனிந்துவிட்டார்.

"மாமா! நாலும் வந்துருச்சு மாமா!" என்று மேசையில் கிடந்த போன் அலறியது. "எல்லாம் அப்படியே இருக்கு! பிரதி எடுக்க ஆரம்பிச்சுட்டேன். என்ன மாமா பண்ணீங்க?"

"அடாப்டர் மாறிப்போச்சுடா. யார்கிட்டயும் சொல்லித் தொலைக்காத," என்றார் பிளேட்டுக்காரர், கீறல் விழுந்த விரலை வாயில் வைத்துக்கொண்டு.

மச்சான் பேச்சை முடித்த பிறகும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. பச்சை விளக்கைப் பார்த்து என்ன பண்ண? காதால் கேட்க வேண்டும். திரையில் கைக்கு வந்த ஏதோ ஒரு பதிவைத் தட்டினார்.

"மண்புழுவுக்கு நுரையீரல் கிடையாது," என்றது ஸ்பீக்கர். "அது தன் தோலின் வழியாகவே மூச்சு விடுகிறது."

அவள் குரல். நிதானமாக, ஒவ்வொரு எழுத்துக்கும் மரியாதை கொடுத்து. அவர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டார். அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. அவள் ஈரக் கையோடு வந்து வாசலில் நின்றாள். அப்புறம் உள்ளே வந்தாள். பக்கத்தில் இருந்த முக்காலியை இழுத்துப் போட்டு, அவர் தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்தாள்.

"கத்தினது தப்புதான்," என்றார் அவர். "நீ விடுன்னு எழுதினதும் தாங்கல."

அவள் பலகையை எடுத்து மெதுவாக எழுதினாள். "எழுதும்போது எனக்கு மட்டும் தாங்குச்சா?"

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவளுக்கும் கண் நிறைந்துவிட்டது. ஸ்பீக்கரில் மண்புழு மண்ணைத் துளைத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. மழை பெய்தால் அது ஏன் வெளியே வருகிறது என்று சொல்ல ஆரம்பித்தது குரல். திடீரென்று பின்னணியில் விர்ரென்று ஒரு இரைச்சல் எழுந்தது. வாசிப்பு நின்றது. பெருமூச்சு ஒன்று கேட்டது. நாற்காலி நகர்கிற சத்தம். அப்புறம் வீடே அதிர ஸ்பீக்கரில் இருந்து வந்தது:

"என்னங்க! அதை நிறுத்துங்க!"

"ரெண்டே நிமிஷம்!" என்று அவர் எழுந்தே நின்றுவிட்டார்.

ஸ்பீக்கருக்குள்ளிருந்தும், தூரத்தில், அவர் குரலே அதையே சொன்னது. அவள் தோள் குலுங்கியது. சத்தமில்லாமல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் கொட்டக் கொட்டச் சிரித்தாள். பிறகு மவுஸை அவரிடமிருந்து பிடுங்கி, பதிவைப் பின்னால் நகர்த்தி, அவரை மறுபடியும் கூப்பிட்டாள்.