எட்டு ஒன்பதான நாள்

1. ஹாஷ் போட்ட நோட்டு

கொட்டச்சேடு பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் இருபத்தெட்டு வருஷம் கணக்கெழுதும் ரைட்டராக இருந்தேன். எஸ்டேட் வேலைமுறை முழுவதையும் கம்ப்யூட்டரில் ஏற்றியவள் நான்தான். தற்பெருமை என்று நினைத்தாலும் நினைத்துக்கொள்ளுங்கள்.

மார்க்டவுன் என்ற எளிய குறி முறையில் எழுதினேன். வரிக்கு முன்னால் இரண்டு ஹாஷ் (#) போட்டால் அது தலைப்பு, அவ்வளவுதான் வித்தை. நம்பரை மட்டும் கையால் அடிப்பேன். நடுவில் ஒரு தலைப்பை நுழைத்தால் கீழே உள்ள அத்தனை நம்பரையும் மாற்ற வேண்டும். அதற்குச் சோம்பல்பட்டு, புது வேலை எதுவானாலும் கடைசியில் ஒட்டிவிடுவேன்.

புதிதாக வந்த மேனேஜர் அதைப் படித்துவிட்டுச் சிரித்தார். "ஏம்மா, மூட்டை பிடிச்சு லாரி ஏத்தினதுக்கு அப்புறம் பழம் தரம் பிரிப்பீங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. தலைப்புக்குத் தானே நம்பர் விழ வழி உண்டா என்று தேடினேன். சிஎஸ்எஸ் என்று ஒரு சின்ன ஃபைல். தலைப்பு திரையில் எப்படித் தெரிய வேண்டும் என்று அதில் எழுதி வைக்கலாம், எண்ணுவதற்குக் கவுண்டரும் வைக்கலாம். முதல் நாள் இரண்டாம் வேலையின் உட்தலைப்பு 2.1க்குப் பதில் 2.3 என்று ஆரம்பித்தது. ஒவ்வொரு பெரிய தலைப்பிலும் கவுண்டரைப் பூஜ்யத்துக்கு ரீசெட் செய்ய விட்டிருந்தேன். மறுநாள் அதையும் சரி செய்து, 'பழம் தரம் பிரித்தல்' என்பதை வெட்டி மூன்றாவது இடத்தில் வைத்தேன். கீழே இருந்த நம்பர் எல்லாம் கண்ணெதிரே ஒவ்வொன்று கூடின. அன்றைக்கு எனக்குச் சோறே இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

2. போனில் சொன்ன நம்பர்

எங்கள் ஆபீஸ் மேட்டில் இருக்கிறது. காபி காயும் களம் பள்ளத்தில். அங்கே சிக்னல் நாலு வார்த்தைக்கு மேல் நிற்காது. அதனால் வேலையை நம்பரால்தான் சொல்வோம். களத்துச் சுவரில் என் ஃபைலை அச்செடுத்த தாள் ஒட்டியிருக்கும். எட்டு என்றால் மழைக்குத் தார்ப்பாய் மூடுவது. ஒன்பது என்றால் தார்ப்பாயை எடுத்துக் காயவிடுவது.

அந்த வருஷம்தான் எஸ்டேட் பேரிலேயே முதல் சரக்கு அனுப்ப இருந்தோம். அது முழுக்கக் களத்தில் காய்ந்துகொண்டிருந்தது. காலை பத்து மணிக்கு மாரமங்கலம் பக்கம் மழை இறங்குவதை ஜன்னலில் பார்த்தேன். திரையில் பார்த்து, களத்து மேஸ்திரி செல்விக்குப் போன் போட்டு "ஒன்பது" என்றேன்.

கொஞ்ச நேரத்தில் செல்வியே கூப்பிட்டாள், அறுந்து அறுந்து கேட்டது. "ஏனுங்க ரைட்டரம்மா, பனி உடலைன்னு மூடியே வெச்சிருந்தமுங்க. நீங்க சொன்னதும் எல்லாத்தையும் பிரிச்சு உட்டாச்சுங்க."

நான் "மூடு" என்று கத்துவதற்குள் லைன் போய்விட்டது. அப்போதுதான் உறைத்தது. புதுத் தாளை ஆபீஸில் ஒட்டிய நான், களத்துக்கு அனுப்பவே இல்லை. என் திரையில் ஒன்பது மூடுவது, அவள் சுவரில் ஒன்பது எடுப்பது. நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தாலே காபி நனைந்திருக்காது.

குறுக்குப் பாதையில் ஓடினேன். நான் போய்ச் சேர்வதற்குள் தூறல் விழுந்து, பெண்கள் அவர்களாகவே மூட ஆரம்பித்திருந்தார்கள். நான்கு வரிசை நனைந்துவிட்டது. அதை ஒதுக்கிவிட்டு மீதியைத்தான் அனுப்பினோம்.

3. ஒண்ணு

மேனேஜர் திட்டவில்லை. "கையால நம்பர் போட்டப்ப இந்தத் தப்பு வரலையேம்மா. பழையபடியே போட்டுருங்க" என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அவர் சொன்னது உண்மைதான். என் சோம்பல்தான் இத்தனை வருஷமாக நம்பரை நகராமல் பிடித்து வைத்திருந்தது. அதற்காக மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவார்களா?

"ஒரு நாள் குடுங்க சார்" என்றேன்.

சிஎஸ்எஸ்ஸில் கை வைக்கவில்லை. மழைக்கு மூடும் வேலையை வெட்டி, ஃபைலின் முதல் தலைப்பாக வைத்தேன். கவுண்டர் மேலிருந்துதான் எண்ணும். முதலில் இருப்பதற்கு மேலே யாரும் எதையும் நுழைக்காதவரை அது ஒன்றாம் நம்பர்தான். அப்படியே அங்கே ஒரு குறிப்பும் எழுதினேன்: 'இதுக்கு மேலே எதையும் சேர்க்காதீங்க. மழை.'

புதுத் தாளை நானே எடுத்துக்கொண்டு களத்துக்கு இறங்கினேன். செல்வி பழைய தாளைக் கிழித்து என் கையில் கொடுத்தாள். "இனி தாள் மாறுனா நீங்களே வந்து கிழிக்கோணுமுங்க. போன்ல சொன்னா ஒத்துக்க மாட்டேன்." அன்றிலிருந்து அதுவே சட்டம். நான் ரிடையர் ஆகும் வரை ஒரு தடவைகூடத் தவறியதில்லை.

உங்கள் நோட்டில் நம்பர் தானாக விழட்டும், அதில் தப்பே இல்லை. ஆனால் அந்த நம்பரை யார் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள் என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் மேனேஜரைப் பார்க்க எஸ்டேட் ஆபீசுக்குப் போயிருந்தேன். அந்த ஃபைலில் இப்போது நாற்பதுக்கு மேல் தலைப்பு, பாதி எனக்குத் தெரியாதவை. பேசிக்கொண்டிருக்கும்போதே வெளியே மழை இருட்டிக்கொண்டு வந்தது. என் இடத்துக்கு வந்த புது ரைட்டர் திரையைப் பார்க்காமலே போனை எடுத்து "ஒண்ணு" என்றார்.